கிசியோனியில் பெய்யாத மழை

கிசியோனியில் மழை பெய்தால் ஆள் பார்த்துத்தான் பெய்யும். கழுதையின் தலை நனையும், வால் காய்ந்து கிடக்கும். ஒருமுறை வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவருக்குச் சளி பிடித்தது, மற்றவர் வெயிலில் மயங்கி விழுந்தார். இதைச் சொன்னவர் முத்தெங்கி. அதனால் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பினால் போதும்.

முத்தெங்கி முப்பத்தோரு வருஷம் கிதூய் நகரத்துத் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அவர் குத்திய வேகத்தில் மேசை மூன்று முறை பூமிக்குள் இறங்கியதாக அவரே சொல்வார். அவர் வீட்டு முற்றத்தில் மரம் கிடையாது, சுற்றிலும் முள்வேலி உண்டு, மனுஷனுக்கு எழுதப் படிக்கவும் தெரியும். இந்த மூன்று காரணத்துக்காகக் கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் வறட்சி அலுவலகம் அங்கே ஒரு மழைமானியை நட்டுவிட்டுப் போனது. செம்பில் ஓர் உருளை, அதன் வாயில் ஒரு புனல், அவ்வளவுதான். தினமும் காலை ஒன்பது மணிக்கு உள்ளே எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் என்று பார்த்து, போனில் செய்தி அனுப்ப வேண்டும். சாயங்காலம் வானொலியில் ஊர் ஊராகப் பெயர் சொல்லி வாசிப்பார்கள்.

வினை அங்கேதான் வந்தது. மணல் மட்டுமே ஓடும் ஆற்றுக்கு அக்கரையில், ம்வாங்கேனியில், இன்னொரு மழைமானி. அதைப் பார்த்துக்கொண்டவர் முத்தெங்கியின் மனைவி ஸ்யோம்புவாவின் தம்பி ந்துண்டா. நவம்பர் முதல் வாரத்தில் வானொலி சொன்னது: "ம்வாங்கேனி, பன்னிரண்டு. கிசியோனி, பூஜ்யம்."

மறுநாள் சந்தையில் ந்துண்டா பாசிப்பயறு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு கூவினார். "என்ன மச்சான், ரேடியோவுல உங்க ஊர் பேரு வந்துச்சே! பூஜ்யத்துக்கு ஏதாச்சும் பரிசு உண்டா?"

"நேத்து ராத்திரி மேகம் எங்க மேலதான்டா நின்னுச்சு."

"நின்னுச்சு. ஒண்ணுக்குப் போக எங்க ஊருக்கு வந்துடுச்சு!"

பயறு அளந்துகொண்டிருந்த பெண்கள் படியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முத்தெங்கி புனலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே புழுதியும் ஓர் எறும்பும் இருந்தன. எறும்பும் தண்ணீர் தேடித்தான் வந்திருந்தது. அவர் போனை எடுத்து, பதினான்கு என்று அனுப்பினார்.

ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் ந்துண்டா மறுவாரம் இருபது அனுப்பினார், இவர் இருபத்தாறு அனுப்பினார். அவர் ஒன்பது, இவர் முப்பத்தொன்று. இரண்டாவது வாரத்துக்குப் பிறகு மழைமானி பக்கமே அவர் போகவில்லை. சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே பெய்வித்தார். டிசம்பர் முடிவில் கிசியோனியின் கணக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். அந்தப் பருவத்தில் கவுண்டியிலேயே முதலிடம். அவ்வளவும் நிஜமாகப் பெய்திருந்தால் முத்தெங்கியின் வீடு மிதந்து போய் மொம்பாசா துறைமுகத்தில் கப்பல்களோடு வரிசையில் நின்றிருக்கும்.

ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. வானொலியைக் கேட்ட ஆற்றோரத்துக்காரர்கள், "குன்றுப் பக்கம் கொட்டியிருக்கு, அவங்களுக்கு யோகம்" என்றார்கள். குன்றுப் பக்கத்தார் ஆற்றோரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அங்கே மழையின் குணம் அப்படி.

ஜனவரியில் பாசிப்பயறு கணுக்கால் உயரத்தில் கருகியது. பிப்ரவரியில் ஆடுகளின் விலா எலும்பை வேலிக்கு வெளியே நின்றே எண்ணலாம். ஆற்று மணலில் பெண்கள் தோண்டிய ஊற்று முதலில் முழங்கால் ஆழம், பிறகு இடுப்பு, பிறகு உள்ளே இறங்கியவளைக் கயிறு போட்டுத் தூக்கும் ஆழம். ஸ்யோம்புவா காலையில் கழுதையோடு போனால் மத்தியானம் இரண்டு மஞ்சள் நிறத் தண்ணீர்க் கேன்களோடு வருவாள். அவள் பெயருக்கே மழையில் பிறந்தவள் என்று அர்த்தம். அவள் உள்ளங்கை வெடித்திருந்ததைப் பார்த்த அன்று முத்தெங்கி சோளமும் அவரையும் வேக வைத்த சாப்பாட்டைப் பாதியில் தள்ளி வைத்தார்.

"ஏன், உப்பு பத்தலையா?" என்றாள்.

"இருக்கு. எல்லாம் இருக்கு" என்றார். வாழ்க்கையில் அவர் மிகைப்படுத்தாமல் சொன்ன முதல் பதில் அதுதான். சொன்ன பிறகு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மார்ச்சில் ஊர் நிர்வாகியான சீஃப் வேலமரத்தடியில் கூட்டம் போட்டார். வறட்சி அலுவலகத்திலிருந்து கவுத்தா என்ற இளம் அதிகாரி வந்திருந்தாள். தண்ணீர் லாரியும் வைக்கோலும் போகிற ஊர்களின் பட்டியலை வாசித்தாள். ம்வாங்கேனி இருந்தது. கிசியோனி இல்லை.

ஒரு நொடி மரத்தில் இலை அசையவில்லை. அசைய இலையும் இல்லை. பிறகு கிசியோனிக்காரி ந்தென்யா எழுந்தாள். அவள் குரலுக்கு ஆற்றின் அக்கரையில் கோழி கூடடையும்.

"எங்க ஊர் உன் கண்ணுல படலையாம்மா? இல்ல, அக்கரைக்காரன் அறுத்த ஆடு கண்ண மறைச்சுடுச்சா?"

"அக்கா, நான் யார் வீட்டுலயும் கை நனைக்கல. பருவ மழைக் கணக்குல நீங்கதான் முதல். முந்நூத்திப் பன்னெண்டு. இவ்வளவு பெஞ்ச ஊருக்கு லாரி கேட்டா மேல சிரிப்பாங்க."

"முந்நூறா? பெஞ்சதைக் கொண்டாந்து காட்டு, குடிச்சுட்டு ஒத்துக்கறேன்!"

கூட்டம் சிரித்தது, பிறகு கத்தியது. அந்தப் பெண் அதிகாரியை மாற்ற வேண்டும், ஆளுநருக்கு மனு எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவானது. யார் எழுதுவது? எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"நீங்கதான் பெரியவரே," ந்தென்யா காகிதத்தை முத்தெங்கியின் மடியில் வைத்தாள். "உங்க எழுத்து முத்து முத்தா இருக்கும். லஞ்சம் வாங்கினான்னு முதல் வரியிலயே போட்டுடுங்க. நீங்க போட்டா நாலு மடங்கா தெரியும்."

முத்தெங்கி 'மதிப்பிற்குரிய' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. கவுத்தா தன் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாக நின்றாள். டிசம்பரில் அவள் ஒருமுறை போன் செய்து, "ஐயா, மழை நிஜமாவே நல்லா இருக்கா?" என்று கேட்டிருந்தாள். "மகளே, தவளை கத்துற கத்துல தூக்கமே இல்ல" என்று இவர் சொல்லியிருந்தார். அவளும் நம்பி, சிரித்து, நன்றி சொல்லி வைத்தாள். அந்த நன்றி இப்போது முத்தெங்கியின் காதுக்குள் குடைந்தது.

அவர் எழுந்து நின்றார். "இந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. அந்த மழை நான் பெஞ்சது."

யாரும் நம்பவில்லை.

"பாத்தியா, அவரு மனசு! சின்னப் பொண்ணு அழுவான்னு பழியைத் தான் ஏத்துக்கறாரு" என்றார் சீஃப்.

"ஐயோ, பொய்யா அனுப்பினேன்யா! ஒரு சொட்டு விழல!"

"உக்காருங்க பெரியவரே. முத்திரை குத்தி மேசை பூமிக்குள்ள போன கதையும் எங்களுக்குத் தெரியும்" என்றது கூட்டம்.

ஆயுள் முழுக்க அளந்து விட்டதற்கு ஒரே நாளில் கூலி கிடைத்தது. உண்மை சொல்ல வாயைத் திறந்தால் உள்ளேயிருந்து கதைதான் வருகிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கவுத்தா மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, மழைமானியைப் பார்க்கலாமா?" என்றாள்.

ஊரே அவர் முற்றத்துக்கு வந்தது. கவுத்தா குனிந்து புனலுக்குள் பார்த்தாள். துளையை அடைத்தபடி குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. விரல் பருமனில் ஐந்து அறைகள். குளவி குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, பிள்ளைகள் துளை போட்டுப் பறந்தும் போயாகிவிட்டது. ஈர மண்ணில் பிசைந்த கூடு. நல்ல தூறல் ஒன்று விழுந்திருந்தால் கரைந்திருக்கும். ஓரம்கூடச் சிதையவில்லை.

ந்தென்யா எட்டிப் பார்த்தாள். மனுக் காகிதத்தை முத்தெங்கியின் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தாள்.

"நான் போன் பண்ணிக் கேட்டேனே, ஐயா" என்றாள் கவுத்தா.

"கேட்டம்மா."

"ஒரே ஒரு ஜீப். எழுபது ஊர். அதனாலதான் உங்க வார்த்தைய நம்பினேன்." அவள் கூட்டைப் படம் எடுத்துக்கொண்டாள். "திருத்தம் போகணும், கமிட்டி ஒத்துக்கணும். பன்னெண்டு நாளாவது ஆகும்."

அந்தப் பன்னிரண்டு நாளும் யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரு ஆட்டை அபராதமாக வெட்டித் தின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். காலையில் பெண்கள் கழுதைகளோடு அவர் வேலியைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள், கடந்த பிறகு தொடர்ந்தார்கள். ஆறாவது நாள் ந்தென்யாவின் சினைப் பசு படுத்தது, எழவில்லை. முத்தெங்கி போய் நின்றார். அவள் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள். அவ்வளவுதான்.

பதின்மூன்றாம் நாள் லாரி வந்தது. கேன்களின் வரிசை பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. ஸ்யோம்புவா தன் இரண்டு கேன்களைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே வைத்தாள். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டு, இன்னும் பின்னால் நகர்த்தினாள். அவள் முறை வந்தபோது குழாய் இருமியது, இரண்டு சொட்டு விட்டது, நின்றது.

"ஸ்யோம்புவா, என்னோடதுல பாதி எடுத்துக்கடி" என்றாள் ந்தென்யா.

"எங்களுக்கு எதுக்குடி? எங்க வீட்டுலதான் முந்நூத்திப் பன்னெண்டு பெஞ்சிருக்கே."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஸ்யோம்புவா காலிக் கேன்களைக் கழுதை மேல் கட்டி ஆற்றுப் பக்கம் நடந்தாள். முத்தெங்கி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார். ஊற்றுக்குழி வாயில் அவள் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"இறங்குங்க."

அவர் இறங்கினார்.