வயிறு கிழியாத பூதம்

உத்திரமேரூர் டூரிங் கொட்டகையில் விளக்கு எரிந்தபோது யாரும் கைதட்டவில்லை. பெரிய படம் தொடங்குவதற்குள் முறுக்கு வாங்கிவிட வேண்டும் என்று கூட்டம் வெளியே ஓடியது. ஆனந்தன் புரொஜெக்டர் அறை வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். மெட்ராசில் நான்கு பேரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவுக்கும் தாள் தாளாக வரைந்து, இரண்டு வருடத்தில் எடுத்த அரைமணி நேரக் கார்ட்டூன் படம் அது. சொந்த ஊர் ஜனங்கள் பார்க்க வேண்டுமென்று, கொட்டகைக்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, படப்பெட்டியைத் தானே பஸ்ஸில் சுமந்து வந்திருந்தான்.

"இன்னாபா இது, பூதம் குந்திக்கினு அழுவுது?" என்று பீடி பற்றவைத்த ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டார். "வயித்த கிழிப்பாங்கன்னு பாத்தா தலைய தடவிக்கினு கீறாங்க."

கதை அவன் அம்மா சொக்கம்மாள் சொன்னது. பெருநகர்ப் பக்கம் நடவுக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஏரியை ஒரே மூச்சில் குடித்துவிடும் கரும்பூதம். நாற்று நடும் பெண் ஒருத்தி கதிரரிவாளால் அதன் வயிற்றைக் கிழிப்பாள். தண்ணீர் குபுகுபுவென்று ஏரிக்குத் திரும்பும். படத்தில் ஆனந்தன் அதை மாற்றியிருந்தான். பூதம் சின்ன வயதில் தாகத்தில் கிடந்து அடிபட்ட கதையைச் சொல்கிறது, அவள் அரிவாளைக் கீழே போடுகிறாள், பூதத்தின் கண்ணீரிலேயே ஏரி நிரம்புகிறது. மெட்ராசில் போட்டுக் காட்டியபோது இந்த இடத்தில்தான் பாராட்டினார்கள்.

அடுத்த வீட்டுத் தாயாரம்மாள் அவனைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பொம்மைங்கல்லாம் நல்லாதான் கீது, ஆனந்தா. ஆனா ஊரு பயிரெல்லாம் காஞ்சி போச்சே, அதுக்கு அந்த பூதம் இன்னா பதிலு சொல்லிச்சி?" அவள் குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அக்கா ஜெயமணியைப் பெண்கள் பக்கத்தில் காணோம். பூதம் அழத் தொடங்கியதுமே எழுந்து போய்விட்டாளாம். பஸ் ஸ்டாண்டில் பெருநகர் பஸ் நிற்கும் இடத்தில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"அந்த பூதத்து கண்ணு நைனா கண்ணுதான?" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாக்கா." அடர்ந்த புருவமும் லேசாகச் சாய்ந்த இடது கண்ணும் அப்பா தாண்டவராயனுடையவை. போன வருடம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சாவதற்கு முன் அப்பா இவன் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். ஏற்றம் இறைக்கும்போது தன் அப்பன் தன்னைச் சாட்டையால் அடித்ததைச் சொன்னார். அந்த வாரம்தான் ஆனந்தன் படத்தின் முடிவை மாற்றினான். "கடைசில ஒரே அழுவ. நைனாவும் பாவம்தான்."

"உங்கிட்ட அழுதாரு."

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

"பதினாலு வயசுல படிக்கப் போனவன் நீ. அம்மா அந்தக் கதைய எப்ப சொல்லும்னு உனக்குத் தெரியாது. அடி வாங்குன மறுநாளுதான் சொல்லும். வயித்த கிழிக்கிற எடம் வந்தா ரெண்டு தபா சொல்லும், மூணு தபா சொல்லும். செத்துப் போற வரைக்கும் அம்மாவுக்குன்னு இருந்தது அந்தக் கதை ஒண்ணுதான். அதையும் நீ புடுங்கி அவருக்கே குடுத்துட்ட."

அடுத்த பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

காலையில் அவன் மெட்ராஸ் கிளம்புமுன் ஜெயமணி கேழ்வரகுக் கூழ் கரைத்து வைத்தாள். மோர் ஊற்றும்போது சொம்பை இடது முழங்கையால் மார்போடு அணைத்து, வலது கையால் சாய்த்தாள். இடது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணி, திரும்பாமல் நின்றது. ஊருக்கு வந்துபோன இத்தனை தடவையில், அவள் கையால் இத்தனை முறை சாப்பிட்டும், அவன் அதைப் பார்த்ததே இல்லை.

"கை இன்னாக்கா ஆச்சு?"

"பத்து வருசமா அப்டிதான் கீது," என்றாள். "கூழு ஆறுது, துன்னு."

தொழுவத்தில் கன்று கத்தியது. அவள் எழுந்து போய் அதை அவிழ்த்தாள். தாயின் மடிக்குத் தாவிப் பாய்ந்த கன்றின் கயிற்றை முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, குதிகாலைச் சேற்றில் ஊன்றி, அது இழுத்த இழுப்புக்கெல்லாம் சாய்ந்து கொடுத்தபடி நின்றாள்.