வெள்ளை முகத்து மீன்

மீன் சண்டைக் களத்தில் பந்தயம் முடிந்தபோது தோங்சுக்கின் மீன் செவுள் கிழிந்து, உடம்பு வெளுத்து, விலாவில் கோடுகள் விழுந்து தொட்டி மூலையில் ஒண்டிக் கிடந்தது. நிறம் கழன்ற மீன் தோற்ற மீன். அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சம்னியனின் மீனோ கருநீலமாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

"நில்லுங்கடா!" தோங்சுக் எழுந்தான். "போன ஞாயித்துக்கிழமை சண்டைக்கு ஜோடி பாத்தப்ப இவன் மீனுக்கு மூஞ்சி வெள்ளை. எல்லாரும் பாத்தீங்கல்ல? இது எந்த ஊரு மீனு?"

"அதே மீனுதாண்ணே," சம்னியன் சிரித்தான். "நிறம் மாறுற ஜாதியில கலந்து எடுத்தது. நெனச்சா சட்டைய மாத்திக்கும்."

"நீ என்ன, மீனுக்குத் துணிக்கடையா வச்சிருக்க?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தன் பக்கம் என்று சம்னியன் நினைத்துவிட்டான். அழகுக்கு வளர்ப்பவர்கள் அறிந்த ஜாதி அது. தாய்லாந்தின் நக்கோன் பத்தோமில் மீன் சண்டை விடுகிறவர்கள் சீந்தாதது; அதன் நிறம் மாறுவதும் அவர்களுக்குத் தெரியாது. ஜோடி பார்த்ததும், யாரும் மாற்ற முடியாதபடி மீனைக் களத்திலேயே பூட்டிவைக்கச் சம்னியன் சொல்லியிருக்கலாம். எப்போதும்போல வாதுமை இலைத் தண்ணீரில் ஊறவைக்க வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

களத்துக்காரர் பிரீச்சா குனிந்து பார்த்தார். "மாத்தின மீனுதான்."

அந்தச் சொல் போதுமாயிருந்தது. தோங்சுக் பெஞ்சுக் காலைப் பிடுங்கி அடித்தான். சம்னியன் கையைத் தூக்கியதும் கை முறிந்தது. பிறகு எல்லாரும் அடித்தார்கள். அவன் மனைவி லம்யை கத்திக்கொண்டு உள்ளே பாய, கம்ரோன் என்பவன் அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். "கிட்ட போகாதக்கா, படும்," என்றான். சொல்லிக்கொண்டே கீழே கிடந்தவனைக் காலால் உதைத்தான்.

போலீஸ் வந்தபோது யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. செத்துப்போன சம்னியனை எரியூட்டப்போன இடத்திலும் அவள் காதுபடவே பேசினார்கள்: மீன் மாத்தினவன்.

லம்யை அவனுடைய மீனுக்குக் கொசுப்புழு போட்டு வந்தாள். கிழிந்த செதில்கள் ஆறின இடமெல்லாம் வெள்ளையாய் வளர்ந்தது. முகம் முழுக்க வெளுத்ததும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனாள்.

"வேற மீனா இருக்கும்மா," என்றார் பிரீச்சா.

"அப்ப உங்க பூட்டப் போடுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் ஜாடியைப் பெட்டியில் வைத்து எல்லார் முன்னாலும் பூட்டினார். அடுத்த சண்டை நாளில், லம்யை கேட்டபடி, எல்லார் முன்னாலும்தான் திறந்தார். மீனின் முகத்தில் பாதி கருநீலம் ஏறியிருந்தது.

"மாத்தல," என்றார் பிரீச்சா.

"சத்தமாச் சொல்லுங்க."

"சம்னியன் மீனை மாத்தல!"

தோங்சுக் வாசலைப் பார்த்து நகர்ந்தான். கதவைச் சாத்திவிட்டார்கள். அவனைச் சம்னியன் விழுந்த அதே தரையில் தள்ளி மிதித்தார்கள். உதைத்தவர்கள் முகம் ஒவ்வொன்றும் லம்யைக்குத் தெரிந்த முகம்.

கம்ரோன் மூச்சிரைக்க வந்து ஒரு கட்டையை நீட்டினான். "பொய் சொல்லி எங்கள ஏமாத்திட்டான்க்கா. ஒரு அடி நீங்க போடுங்க. மனசு ஆறும்."

லம்யை கட்டையை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்து, அதை நீட்டிய கையின் மணிக்கட்டில் ஓங்கி இறக்கினாள். எலும்பு உடைவது எல்லாருக்கும் கேட்டது.

"அடுத்தது யாருய்யா?" என்றாள்.