பதினேழாம் டோக்கன் வண்டி

யம்மா, யப்பா, நான் ஹெப்சிபா பேசுதேன். முழுசா கேட்டுட்டு அப்புறம் பதறுங்க. வேலை போகல.

காலைல போயிரும் போலதான் இருந்துச்சு. எண்ணூர் கன்டெய்னர் யார்டுல லாரி வரிசைக்கு டோக்கன் போடுத புரோகிராம் நான் எழுதினதுன்னு சொன்னேம்லா? ஒரு வாரமா, ஒரு டிரைவர் டோக்கன ரத்து பண்ணுனா, சம்பந்தமே இல்லாத வேற வண்டி வரிசையில இருந்து காணாம போவுது. என் மேனேஜர் ஜேக்கப் சார், ராயபுரத்துக்காரரு, வந்ததும் வராததுமா சொல்லிட்டாரு. "இதோ பாரும்மா, இன்னியோட உன் மூணு மாச புரொபேஷன் முடியுது. சாயங்காலத்துக்குள்ள இத்த சரி பண்ணு. இல்லாங்காட்டி நாளிக்கு வராத."



பதினோராம் டோக்கன் லாரி பஞ்சர். ரத்து பண்ணுனோம். அது ஸ்கிரீன்ல அப்படியே நிக்குது, பதினேழு காணோம்! பதினேழு, கலீலுல்லான்னு ஒரு டிரைவரு. கேட்டுக்கே வந்து கத்துதாரு. "இன்னாமா, இம்மாம் பெரிய வண்டி நின்னுகினு கீது, உன் கம்ப்யூட்டருக்கு கண்ணு தெர்லயா?"

"ஒரு நிமிசம் அண்ணாச்சி"ன்னேன்.

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகினு கீறேன்? பாய்னு கூப்டு."

வரிசையே சிரிச்சுட்டு. நான் ரோட்டுல இறங்கி நடந்தேன். முன்னாடி நிக்கது ஆறாம் டோக்கன். அதுல இருந்து ஒவ்வொரு வண்டியா எண்ணிக்கிட்டே போனேன். பாய் வண்டி பன்னெண்டாவது. அப்பதான் பொறி தட்டுச்சு. கம்ப்யூட்டர் பூஜ்யத்துல இருந்துலா எண்ணும்? அதுக்கு பாய் வண்டி பதினொண்ணு!

தங்கச்சி ஜானட், ஒனக்கும் காலேஜுல இது வரும், கேட்டுக்கோ. மெத்தட் ஓவர்லோடிங். ஒரே பேருல ரெண்டு வேலை இருக்கும். நீ என்னத்த குடுக்கேங்கிறத பாத்து, எந்த வேலைன்னு அதுவே எடுத்துக்கிடும். 'நீக்கு'ங்கிறதுல அப்படித்தான். பொருளக் குடுத்தா அந்தப் பொருள நீக்கும். வெறும் நம்பரக் குடுத்தா அந்த இடத்துல நிக்கத நீக்கும். முன்னாடி டோக்கன் 'ஏ பதினொண்ணு'ன்னு எழுத்தா இருந்துச்சு, ஒழுங்கா ஓடுச்சு. டிரைவருங்க யாரும் அந்த 'ஏ'வ சொல்லுததில்லன்னு போன வாரம் நான்தான் வெறும் நம்பரா மாத்துனேன். ஒரு எச்சரிக்கை கூட வரல. அது சத்தமில்லாம அடுத்த வேலைக்கு தாவி, பதினொண்ணாம் இடத்துல நின்ன பாய் வண்டிய நீக்கிட்டு.

ஓடி வந்து ஒத்த வரி மாத்துனேன். நம்பர வெறுமனே குடுக்காம, இது இடம் இல்ல, டோக்கன்னு அதுக்குத் தெரியுத மாதிரி பொருளா சுத்திக் குடுத்தேன். பாய் டோக்கன திரும்ப ஏத்திட்டு, பதினொண்ண ரத்து பண்ணுனேன். பதினொண்ணு மட்டும் போச்சு! அந்நேரம் இருபதாம் டோக்கன்காரரு சாப்பிடப் போறேன்னு வந்தாரு. "போங்க, போங்க, தாராளமா போங்க"ன்னேன். இருபது மட்டும் போச்சு! பாதுகாப்புல இருக்க வரலட்சுமி அக்கா ஸ்கிரீனப் பாத்து கைதட்டுதாவ.

அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒரு வண்டி கூட மாறல.

ஜேக்கப் சார் ஆறு மணிக்கு வந்து நின்னாரு. ஸ்கிரீன மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. நான் அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்.

"இன்னா மொறைச்சிகினு நிக்கிற? நாளிக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துரு. எடைமேடை புரோகிராமும் இனிமே உன்னுதுதான்."

யம்மா, நான் நிரந்தரம் ஆயிட்டேன்!