கணக்கு டீச்சரின் மாமனார்

ஐம்பது வயதைத் தாண்டியபின் மேஸ்திரி கல்லூரிக்குப் போனது படிப்பு ஆசையால் அல்ல, வீம்பால். பட்டயப் படிப்பு இல்லாதவர் இனி கட்டட வேலைக்குப் பொறுப்பாளராக இருக்க முடியாது என்று நிறுவனத்தில் புது விதி போட்டார்கள். அவரிடம் தூக்குக்குண்டு பிடிக்கக் கற்றவன் நாளை அவருக்கே உத்தரவு போடுவான். அதைப் பார்ப்பதைவிட, எழுதும் பலகையோடு ஒட்டிய சின்ன நாற்காலியில் வயிறு இடிக்க உட்காருவது மேல் என்று மாலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் பகலில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான். ஆனாலும் அவர் வயதில் பாதிகூட இல்லாதவர்கள். 'பெரியப்பா' என்று பெயர் வைத்தார்கள். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

இரண்டாம் பருவத்தில் கணக்கு ஆசிரியர் வேறு வேலை கிடைத்துப் போனார். அந்த இடத்துக்கு வந்தவள் மேஸ்திரியின் மருமகள்.

அவள் அதே கல்லூரியில் பகல் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியை. மாலை வகுப்பையும் ஒழுங்காக நடத்திக் காட்டினால் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த நாளுக்காகக் காத்திருந்தவள்.

"மாமா, நாளைக்கே முதல்வர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள் சாப்பாட்டு மேசையில். "சொந்தக்காரங்க வகுப்புல இருந்தா சொல்லணும்னு விதி இருக்கு. உங்க பேப்பர மட்டும் வேற ஒருத்தர் திருத்துவாங்க. அவ்வளவுதான்."

மேஸ்திரி பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தார். "மருமககிட்ட மாமனார் கைகட்டிப் பாடம் படிக்கறான்னு தமுக்கு அடிக்கணுமா? ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அங்க நீ யாரோ, நான் யாரோ."

"விதி மாமா..."

"இந்த வீட்டு மரியாதைய விடப் பெருசா உன் விதி?"

"விதியாம் விதி!" என்றாள் அவர் மனைவி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "இவரக் கட்டிக்கிட்டேனே, அதவிடவா?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். பேச்சு அதோடு முடிந்தது.

அவள் நன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். முதல் வாரம் ஜன்னலைப் பார்த்தபடி கேட்ட மேஸ்திரி, இரண்டாம் வாரம் கரும்பலகையைப் பார்த்துக் கேட்டார். "மேட்டுல ஏறும்போது முட்டி எங்க முனகுதோ, அங்கதான் சரிவு ஜாஸ்தி. அந்த முனகல எண்ணால எழுதறதுதான் இந்தப் பாடம்" என்றாள் ஒருநாள். வகுப்பு சிரித்தது. மேஸ்திரிக்கு எங்கோ ஒரு கதவு திறந்தது. வீட்டுக்கு வந்து ஒரு சந்தேகம்கூட அவளிடம் கேட்டதில்லை. விடிகாலையில் எழுந்து தானே போட்டுப் பார்ப்பார். தேர்வில் அவருக்கு இரண்டாம் இடம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மின்விசிறி நின்றுபோனது. மகன் யாரையோ வரச் சொன்னான். வந்த எலக்ட்ரீஷியன் மாலை வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருகிறவன். கதவைத் திறந்தது கணக்கு டீச்சர். கூடத்தில் பனியனோடு பெரியப்பா. அவன் ஏணிமேல் ஏறியும் விசிறியைப் பார்க்கவில்லை, இவர்களையேதான் பார்த்தான்.

மறுநாள் வகுப்புக்கு வெளியே நாலு பேர் நடுவில் கேட்டான். "ஏன் பெரியப்பா, கேள்வித்தாள் காபியோட வருமா, சாப்பாட்டோட வருமா?"

"வாய அடக்கிப் பேசு."

"நான் ஏன் அடக்கணும்? எனக்கென்ன வீட்லயா டீச்சர் இருக்காங்க?"

மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பரம்பரையில் ஒருவர்கூட அடுத்தவன் பொருளைத் தொட்டதில்லை. களங்கத்தைத் துடைக்காமல் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று, யாரிடமும் கேட்காமல், மருமகளிடமும் சொல்லாமல், நேரே முதல்வர் அறைக்குப் போனார்.

"விசாரணை வைங்க சார். என் குடும்பத்து மேல பழி. யார் யோக்கியம்னு தெரிஞ்சாகணும்."

முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க உங்க மருமகளா? எனக்கே இப்பத்தான் தெரியுது."

மேஸ்திரி வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஆனால் வைத்த காலைப் பின்னால் எடுத்துப் பழக்கமில்லை.

விசாரணை இரண்டு நாள் கழித்து நடந்தது. மூன்று பேர் ஒரு பக்கம். மருமகள் எதிரே. மேஸ்திரி சுவரோரம்.

"கேள்வித்தாள நீங்க கொடுத்திருப்பீங்கன்னு நாங்க நினைக்கல" என்றார் முதல்வர். "அவருக்கு மறுதேர்வு வச்சா அது தெரிஞ்சுடும். ஆனா உறவ ஏன் மறைச்சீங்க? விதி உங்களுக்குத் தெரியும்தானே?"

அவள் திரும்பி மாமனாரைப் பார்த்தாள். கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. வகுப்பில் ஒரு கணக்கை எழுதிவிட்டு, விடை தெரிந்தவன் சொல்லட்டும் என்று நிற்பாளே, அந்தப் பார்வை.

'நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்.' மூன்றே வார்த்தை. மேஸ்திரி அதைச் சொன்னால், மூன்று படித்தவர்களின் முன்னால், மருமகளிடம் படிக்க வெட்கப்பட்டவன் என்று தன்னைத் தானே காட்டிக்கொள்ள வேண்டும். சுவரில் காரை பெயர்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். பூச்சில் மணல் அதிகம் என்று நினைத்தார்.

"என் தப்புதான் சார்" என்றாள் அவள்.

அந்த வாரமே மாலை வகுப்பு அவளிடமிருந்து போனது. பருவ முடிவில் வேலையும் முடிந்தது.

அதற்கு முன்பே மறுதேர்வு வைத்தார்கள். தனி அறையில், வேறு ஆசிரியர் கண்முன்னே, மேஸ்திரி ஒருவர் மட்டும் எழுதினார். ஒவ்வொரு கணக்கும் அவள் குரலில்தான் தொடங்கியது. போன தடவையைவிட நான்கு மதிப்பெண் கூடுதலாக வந்தது. எலக்ட்ரீஷியன் தானே வந்து, "மன்னிச்சுடுங்க பெரியப்பா, வாய்க்கொழுப்பு" என்றான். முதல்வர் கை கொடுத்தார். "உங்க பேர்ல ஒரு மாசும் இல்ல."

அந்தக் கையை மேஸ்திரி விடவில்லை. "சார், அவள சொல்லவிடாம தடுத்தது நான்தான்."

முதல்வர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "அன்னைக்கே அந்த அறையில சொல்லியிருந்தீங்கன்னா பேச்சு வேற. இப்ப வேற ஆள் போட்டாச்சுங்க."

வீட்டுக்கு வந்தபோது மருமகள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளே கேட்டாள்.

"எவ்வளவு மாமா?"

சொன்னார்.

"கடைசிக் கணக்கு வந்துச்சா? அதுல எல்லாரும் சறுக்குவாங்க."

"வந்துச்சு."

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அவரால் நின்று பார்க்க முடியவில்லை. உட்கார்ந்தார். முதல்வரிடம் சொன்னதை, அவர் பதில் சொன்னதை, தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார்.

"அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்மா."

அவள் மடித்த துணியை அடுக்கின்மேல் வைத்தாள். மேல் மடிப்பைக் கையால் நீவிவிட்டாள்.

"ஆமா மாமா, சொல்லியிருக்கணும்" என்றாள். அடுக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.