குளிரறைக் கதவுக்கு ஒரு எண் பூட்டு

எந்நேரமும் சட்டைப் பையிலிருந்து ஏதாவது ஒரு ஒயர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவனுக்குக் கம்பி என்று பெயர் விழுந்துவிட்டது. மீன் பெட்டிகளை ஏற்றி இறக்கும் கிடங்கில் எலக்ட்ரீஷியன். குளிரறையிலிருந்து பெட்டிகள் காணாமல் போய், கண்டவர் மேலெல்லாம் சந்தேகம் விழுந்தபோது, "நான் ஒரு பூட்டு பண்ணித் தர்றேன்" என்று வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினான்.

மூன்று வாரச் சாப்பாட்டு நேரத்தை அது தின்றது. ஒரு கீபேட், எண்ணைச் சரிபார்க்க விரல் நீளத்துக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அது சொன்னதும் கரண்டைத் தாழ்ப்பாளுக்குத் திறந்துவிட ஒரு ரிலே, கரண்ட் பாய்ந்தால் மட்டும் நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் மின் தாழ்ப்பாள். சரியான நான்கு எண்ணை அழுத்தினால் கடக்கென்று திறக்கும். மூன்று முறை தப்பினால் பத்து நிமிடம் மரக்கட்டையாகிவிடும். அதற்குள் யாராவது கை வைத்தால் மறுபடி முதலிலிருந்து பத்து. கரண்டைப் பிடுங்கி ஏமாற்றவும் முடியாது. கரண்ட் போய் வந்தாலும் மறக்காதபடி போர்டிலேயே எழுதிவைத்திருந்தான்.

"திருடனுக்குத் தண்ணி காட்டும்க்கா இது."

"முதல்ல உன் வாய்க்கு ஒண்ணு பண்ணுடா," என்றாள் அதே கிடங்கில் பெட்டி கட்டும் அவன் அக்கா.

திங்கட்கிழமை மாட்டினான். இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. தள்ளுவண்டி போய்வரக் கதவை யாராவது பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

புதன்கிழமை முற்பகல், ஏணி மேல் நின்று விசிறி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தவனை சூப்பர்வைசர் கீழேயிருந்து கத்திக் கூப்பிட்டார்.

"டேய் கம்பி! உன் பூட்டு திறக்க மாட்டேங்குதுடா!"

"எத்தனை தடவை அழுத்துனீங்கண்ணே?"

"எண்ணிக்கிட்டா இருப்பாங்க? கால் மணி நேரமா அழுத்திக்கிட்டே இருக்கேன்."

"ஐயோ, தொடாதீங்க! தொடத் தொட பத்து நிமிஷம் ஏறும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அப்படி என்ன தலைபோற அவசரம்?"

சூப்பர்வைசர் முகம் வெளுத்திருந்தது. "உங்க அக்கா உள்ள இருக்குடா."

ஏணியின் கடைசி நாலு படியை அவன் கால் தொடவில்லை.

லாரிக்கு ஒரு பெட்டி குறைந்திருக்கிறது. நிமிஷ வேலைதானே என்று கோட்டுகூட மாட்டாமல் அக்கா போயிருக்கிறாள். இவர் எண்ணை அழுத்தித் திறந்துவிட்டு லாரிப் பக்கம் நகர்ந்திருக்கிறார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சாத்தினால் உள்ளே விளக்கும் அணைந்துவிடும். திரும்பி வந்தவர் பதற்றத்தில் மூன்று தடவை எண்ணைத் தப்பாக அழுத்தியிருக்கிறார். உறைநிலைக்குக் கீழே பதினெட்டு டிகிரி.

"உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருகி..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றான்.

கைப்பிடி அவன் மேஜை இழுப்பறையில் கிடந்தது. கதவில் புதிதாகத் துளை போட்டால் குளிர் கசியுமே என்று, கைப்பிடித் தண்டு இருந்த துளையிலேயே தாழ்ப்பாளின் ஒயரை நுழைத்திருந்தான். மூன்று வாரமும் வெளியிலிருந்து வருகிறவனையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, உள்ளே ஒரு ஆள் இருக்கக்கூடும் என்பது உறைக்கவே இல்லை.

"மெயினை ஆஃப் பண்ணட்டுமாடா?"

"வேணாம்ணே! கரண்ட் போனா அது அசையவே அசையாது. திரும்ப வந்தாலும் விட்ட இடத்துலேர்ந்துதான் எண்ணும்."

"எவன்டா உன்னை அப்படிப் பண்ணச் சொன்னான்?"

கதவில் காதை வைத்தான். ஒரு சாண் கனம். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தட்டுகிறாளா, தட்டி ஓய்ந்துவிட்டாளா, தெரியவில்லை.

கீபேட் பெட்டியில் நாலே நாலு ஸ்க்ரூ. ஒன்றைக் கழற்றினான். இரண்டாவது வழுக்கியது. மூடியை நெம்பிப் பிளந்தான். ரிலேயின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஸ்க்ரூடிரைவர் நுனியை அழுத்தினான். கடக்.

அக்கா கதவை ஒட்டியே சுருண்டு கிடந்தாள். புருவமெல்லாம் வெள்ளை. உதடு நீலம். இருவரும் அள்ளிக்கொண்டு போய் வெயிலில் கிடத்தினார்கள். லாரி டிரைவர் தன் கம்பளியை எடுத்துப் போர்த்தினார். பல் தந்தியடித்தது. உயிர் இருந்தது.

மூச்சு திரும்பியதும் சூப்பர்வைசர் பிளந்து தொங்கிய பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அரை நிமிஷம்கூட ஆகலை. இவ்வளவுதானாடா? அப்ப திருட வர்றவன் எவன் வேணா திறந்துருப்பானே!"

கம்பியும் அதைப் பார்த்தான். திருடன் திறக்கலாம். உள்ளே மாட்டினவள் திறக்க முடியாது. இப்படி ஒரு பூட்டைப் பெருமையடித்துக்கொண்டு செய்திருக்கிறான்.

அக்காவுக்குப் பேச்சு வரக் கால் மணி நேரம் ஆனது. செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். அவளோ தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருட்டுல தடவு தடவுன்னு தடவுனேன்டா. கைப்பிடி அகப்படவே இல்ல. கை மரத்துடுச்சு, தொட்டும் தெரியலைன்னு நெனைச்சு அழுதேன். இனி இந்தக் கையால எப்படிப் பொழைக்கிறதுன்னு..."

"கை நல்லாத்தான்க்கா இருக்கு."

"அப்புறம் ஏன்டா அகப்படலை?"

"அங்க இல்லக்கா. நான்தான் கழட்டுனேன்."

அக்கா விரல்களை மடக்குவதை நிறுத்தினாள்.