முடியப்பருக்கு முடி

மார்கழியில் ஒரு நாள் செல்லியம்மாள் மொட்டைத் தலையோடு பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கள் தெருவுக்கு வந்த முதல் சந்தேகம், எந்தச் சாமிக்கு என்பதுதான். திருப்பதி என்றால் லட்டு வந்திருக்கும். குலதெய்வம் என்றால் கிடா வெட்டிய வாசனையாவது வந்திருக்கும். இவள் ஒரு காகிதப் பொட்டலத்தில் பொரி கொண்டுவந்து கொடுத்தாள். கேட்டதற்கு, நேத்திக்கடன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். பொரியைக் கிளறினால், நடுவில் இரண்டு பொரி மெழுகில் ஒட்டிக்கொண்டிருந்தன.

கற்பூரம் மெழுகாக உருகி நான் பார்த்ததில்லை.

ஹயாத் பாஷா மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில்தான் அவள் குடும்பம். புருஷன் இருசப்பன் கரும்பு வெட்டப் போவான். இவள் கடைக்குப் புளி கொட்டை எடுப்பாள், உளுந்து புடைப்பாள். ஒரே மகள் பாரதி, பன்னிரண்டாவது முடித்தவள். நர்ஸ் படிப்புக்கு ஆதிதிராவிடர் ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் வந்திருந்தது. தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் பொங்கல் கழித்துப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

சான்றிதழ் என்றால் அந்த வருஷம் லேசுப்பட்ட சமாசாரமில்லை. புரட்டாசியில்தான் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்திருந்தது. ரோட்டோரப் புளியமரங்களெல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. அதற்குப் பிறகு ஊரில் யாரும் யாரையும் சும்மா பார்ப்பதில்லை. முதலில் பெயரைக் கேட்பார்கள், பிறகு பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். செல்லியம்மாள் விஷயத்தில் எட்டிப் பார்க்க நிறையவே இருந்தது. இந்துவாக இருந்தால்தான் பாரதிக்கு அந்தச் சான்றிதழ். வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்துவிட்டால் அதே சாதி, அதே கூலி, அதே ஒற்றை அறைதான். சான்றிதழ் மட்டும் கிடையாது.

மெழுகுப் பொரியை ஹயாத் பாஷாவின் சம்சாரம் ஷர்புன்னிசாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் மூக்கில் வைத்துப் பார்த்தாள். வடக்கனந்தலுக்கு அப்பால் மலையடிவாரத்தில் முடியப்பர் கோயில் என்று ஒன்று இருப்பதாகவும், கிறிஸ்மஸுக்கு மறுநாள் அங்கே சப்பரம் இழுப்பதாகவும், கல்வராயன் மலையிலிருந்துகூட ஜனங்கள் இறங்கி வந்து புளியமரத்தடியில் மொட்டை போட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். செல்லியம்மாள் வந்து இறங்கியதும் கிறிஸ்மஸ் முடிந்த கையோடுதான். தேதி சரியாக இருந்தது. மெழுகும் சரியாக இருந்தது.

ஆபீசுக்கு யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. நான் ஷர்புன்னிசாவிடம் மட்டும்தான் சொன்னேன். ஷர்புன்னிசாவும் கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும்தான் சொன்னாளாம்.

அடுத்த வாரமே தாலுகா ஆபீசிலிருந்து ஆர்.ஐ. கந்தசாமி விசாரணைக்கு வந்து இறங்கினார். பைக்கின் பின்னால் அந்தக் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரையும் உட்காரவைத்துக் கூட்டி வந்திருந்தார். உபதேசியார் பெயர் தெய்வசிகாமணி. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரை என்னவென்று கண்டுபிடிப்பது?

ஹயாத் பாஷா கடை வாசலில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். நான் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கப் போயிருந்தேன். விசாரணை முடியும் வரைக்கும் பருப்பில் கல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்லியம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். மறியல் சமயத்தில் பாரதி களமருதூர் சித்தி வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். யாரோ வீசிய கல் பஸ் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து, அவள் காதை உரசி மடியில் விழுந்தது. கல்லடியிலிருந்து காப்பாற்றுகிற சாமி முடியப்பர்தான் என்று கடலைக் காட்டில் கூட வேலை செய்த மலைக்காரப் பெண் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அன்றைக்கே இவள் வேண்டிக்கொண்டாள்.

"அது வேதக்கோயிலும்மா," என்றார் கந்தசாமி.

"அது இன்னா கோயிலோ எனக்குத் தெரியாதுங்க. பேருலியே முடி கீது. குடுத்துட்டு வந்தேன்."

பாரதி கதவோரம் நின்று தாவணி முனையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கந்தசாமி உபதேசியாரைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்தம்மா ஞானஸ்நானம் வாங்கியவள் இல்லை, சபையில் பார்த்ததே இல்லை என்றார். பிறகு, இத்தனை வருஷமாகச் சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்தவர் மாதிரி பிடித்துக்கொண்டார். "முடின்னா தலமுடி இல்லீங்க, கிரீடம். அவரு பேரே கிரேக்க பாஷையில அதுதான். நம்ம ஜனங்க பேரக் கேட்டுட்டு மயிர கொண்டாந்து குடுக்கறாங்க. வேதத்துக்காக மொத மொத உசுர விட்டவரு அவருதான். ஏசுவ நம்புனாருன்னு கல்லாலயே அடிச்சிக் கொன்னாங்க. அதான் சுரூபத்துல கையில கல்லு வச்சிருப்பாரு."

செல்லியம்மாள் முக்காட்டை விலக்கி நிமிர்ந்தாள். "கல்லால அடிச்சா கொன்னாங்க? அவரையே காப்பாத்திக்க முடியலயா? அப்ப எம்பொண்ண எப்பிடி காப்பாத்துனாரு?"

ஹயாத் பாஷா முதலில் சிரித்தார், பிறகு கந்தசாமி. உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. வேதத்தில் சேர்ந்தவள் கேட்கிற கேள்வியா இது என்று சொல்லிக்கொண்டே கந்தசாமி எழுந்துவிட்டார். பாரதிக்குச் சான்றிதழ் வந்தது. பொங்கல் கழித்துப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள்.

என் சந்தேகம் மட்டும் போகவில்லை. வெகுளி மாதிரி அந்தக் கேள்வியைக் கேட்டாளே, கேட்கும்போது அவள் கண் உபதேசியார் மேல் இல்லை. ஆர்.ஐ. மேல்தான் இருந்தது.

மாசியில் ஒரு மத்தியானம் செல்லியம்மாள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் மஞ்சள் துணி முடிச்சு. பாரதி கிளம்புவதற்கு முன் அவள் தலையிலிருந்து கத்தரித்த பூமுடி. இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டால் மகள் முடியும் தருகிறேன் என்று அதே சாமிக்கு வேண்டியிருந்தாளாம். இப்போது அவளால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

"நான் போனா மறுபடியும் பேசுவாங்க. பாரதி போனா படிப்பே போயிடும். உனுக்கு இன்னாக்கா, யாரு சர்ட்டிபிகேட்டு கேக்கப் போறாங்க? தெருவுல எல்லார் வூட்டு சேதியும் எடுத்துக்கினு போறவதானே நீ, இதையும் கொஞ்சம் எடுத்துக்கினு போ."

குரலில் குத்தல் இருந்ததா என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கல்லடி பட்டே செத்தவர் என்று தெரிந்த பிறகுமா என்று கேட்டேன்.

"பட்டவருக்குத்தானேக்கா தெரியும், கல்லு எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு," என்றாள்.

முடிச்சை வாங்கிக்கொண்டேன். கோயிலுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கவேண்டுமென்று எனக்கும் இருந்தது. வடக்கனந்தல் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஹயாத் பாஷா கடைக்குப் போய் மெழுகுவர்த்தி ஒன்று கேட்டேன். இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணியின் நுனி வெளியே தெரிந்திருக்க வேண்டும்.

"இப்பல்லாம் கரண்டு ஜாஸ்தி போவுது," என்றேன், கேட்காமலேயே.

கல்லாவில் ஷர்புன்னிசாதான் இருந்தாள். மெழுகுவர்த்தியைக் காகிதத்தில் நிதானமாகச் சுற்றிக்கொண்டே என் தலைமுடியைப் பார்த்தாள்.