வலப்பக்கத்து கிரிப்

தையல்காரி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதை மாற்ற இனிமேல்தான் ஆள் பிறந்து வர வேண்டும். அன்று காலை அவள் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பழைய போர்வையை விரித்து ஸ்பானர்களைப் பரப்பியபோதே, தப்பிக்க வழியில்லை என்பது அவள் கணவருக்கு விளங்கிவிட்டது.

"மெக்கானிக்கிட்ட விட்டா முடிஞ்சுது. நமக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"விடலாம் விடலாம்னு நீங்க சொல்லிச் சொல்லியே டயர்ல காத்து போயிடுச்சு. தையல் மெஷினையே பிரிச்சு மாட்டுறவளுக்கு இது என்னங்க பெரிய சங்கதி?"

விஷயம் இதுதான். அவர் ஒரு மருந்துக் கம்பெனிக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர். ஒரு மழை நாளில், இவளைப் பின்னால் வைத்துக்கொண்டு வரும்போது திருப்பத்தில் வண்டி சறுக்கியது. அவருக்கு வலது தோள் நழுவிவிட்டது. இவளுக்குத் தாடையில் தையல். "நான் போட்டிருந்தா வெளிய தெரியாம போட்டிருப்பேன்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவள் அதை மறந்துபோனாள். அவர் சிரிக்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் கையை முன்னால் நீட்ட முடியவில்லை என்றார். வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டு, மருந்துப் பையோடு பஸ்ஸில் போய்வரத் தொடங்கினார். தையல்காரி கடைகண்ணிக்குத் தனியாக நடந்தாள். நடப்பதில் அவளுக்குக் கஷ்டமில்லை. ஆனால் வீட்டில் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருக்கும் அந்த மனுஷன், வண்டியில் ஏறிவிட்டால் மட்டும் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவார். பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும் என்று அவள் ஏங்கிப்போயிருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் ஆசை அவ்வளவுதான்.

கை நீளாவிட்டால் என்ன, ஹேண்டில்பார் கைக்கு வரட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. அவருடைய அளவுச் சட்டையை எடுத்துக்கொண்டு உதிரி பாகக் கடைக்குப் போய், மாட்டியிருந்த ஒவ்வொரு பாரின் மேலும் சட்டைக் கையை வைத்துப் பார்த்தாள். "பட்டன் எத்தனைம்மா வைக்கணும்?" என்று கடைக்காரர் கேலி செய்தார். செய்யட்டும். பின்பக்கமாக நன்றாக வளைந்து வரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கைப்பிடியில் மாட்டும் ரப்பர் கிரிப் புதிதாக ஒரு ஜோடியும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினாள்.

கண்ணாடிகளைக் கழற்றினார்கள். பிரேக், கிளட்ச் பிடிகளைத் தளர்த்தினார்கள். தேய்ந்த பழைய கிரிப்பை அறுக்க அவர் பக்கத்தில் கிடந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தார்.

"துணி வெட்டுற கத்தரி அது! ரப்பர்ல வச்சீங்க, நடக்கிறதே வேற!"

அவர் மறுபேச்சில்லாமல் பிளேடுக்கு மாறினார். நடுவிலிருந்த நாலு போல்ட்டும் மெஷின் எண்ணெய் குடித்த பிறகே அசைந்து கொடுத்தன. பழைய பார் இறங்கி, புதியது ஏறி உட்கார்ந்தது. முக்கால்வாசி வேலை அவளுடையது; யோசனையெல்லாம் அவருடையது. வலது கையை மடியில் வைத்தபடி, இடது கையால் காட்டிக் காட்டிச் சொன்னார்.

கடைசியாக கிரிப். சோப்புத் தண்ணீர் தடவியதும் இடப்பக்கத்தில் அது வழுக்கிக்கொண்டு ஏறியது. வலப்பக்கம்தான் சண்டித்தனம் செய்தது. ஆக்சிலரேட்டர் குழாயின் வாயிலேயே நின்றுவிட்டது. தள்ளினாள், திருகினாள், திட்டினாள். வியர்த்ததுதான் மிச்சம்.

"தள்ளிக்கோ, இப்படி இல்ல" என்று அவர் எழுந்து வந்தார். இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையைத் தூக்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் வலது தோளில் இறக்கி ஒரே அழுத்து. கிரிப் கடைசிவரை போய்விட்டது.

"பாத்தியா!" என்றவர் இடப்பக்கத்து கிரிப்பைத் தொட்டார். அது தொளதொளவென்று சுற்றியது. "அட, பெரிய ஓட்டை இருக்கிறது வலப்பக்கத்துக்கும்மா. மாத்திப் போட்டிருக்கோம்."

தையல்காரி கிரிப்பைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையால் கெட்டார்.

"தோள் எப்பங்க சரியாச்சு?"

அவர் கையிலிருந்த சோப்பை மெதுவாகத் துடைத்தார். "கொஞ்ச நாளாச்சு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தினம் காலையில குழந்தைக்கு மாட்டுற மாதிரி சட்டை மாட்டி விட்டேனே, கூச்சமா இல்ல? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பின்னால ஏறுவே."

"ஏறினா என்ன?"

"அன்னைக்கு நான் எழுந்து பாத்தப்ப நீ குப்புறக் கிடந்தே. கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். நீ பேசல." அவர் குரல் இறங்கியது. "கொஞ்ச நேரம்தான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் முடியலம்மா."

அவளுக்கு இது தெரியாது. அந்த நேரத்தில் அவள் நினைவோடு இல்லை. கண் திறந்தபோது அவர் முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்ததாகத்தான் இதுநாள்வரை நினைத்திருந்தாள். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பாவம் இந்த மனுஷன் என்று நினைத்தாள்.

இரண்டு கிரிப்பையும் கழற்றி இடம் மாற்றினார்கள். போல்ட்டுகளை முறுக்கினார்கள். ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின் சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏறுங்க."

"சோப்புத் தண்ணி காயணும். இப்ப ஓட்டக் கூடாது."

"யாரு ஓட்டச் சொன்னா? சும்மா உக்காருங்க."

தயங்கி ஏறினார். புது பார் அவர் கைக்குக் கச்சிதமாக வந்து பொருந்தியது. தையல்காரி அவர் வலது தோளில் கையை வைத்தாள்.

"நான் பேசாம இருந்ததுதானே உங்களுக்குப் பயம்? இனிமே வழி பூராப் பேசிக்கிட்டே வரேன்" என்றவள், அங்கேயே ஆரம்பித்துவிட்டாள். ரவிக்கைக் கழுத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, குறைத்த பிறகு கூட்டச் சொல்லும் டீச்சரம்மாவின் கதை. அவர் சுவரைப் பார்த்தபடி ம் கொட்டினார். கதை நீண்டது. மூச்சு வாங்க அவள் ஒரு கணம் நிறுத்தினாள்.

அவர் தலை சட்டென்று திரும்பியது.

"இருக்கேங்க" என்றாள்.